பச்சைக் குடத்திலிருந்து வந்த ஒலிப்பெட்டி

இந்தக் குறிப்பை நான் எழுதிவைப்பதற்குக் காரணம் ஒன்றுதான். எங்கள் அடுக்ககத்தின் பொதுக்கூடத்தில் இப்போது நிற்கும் ஒலிப்பெட்டி, உத்திரமேரூரின் பழைய குடவோலை முறைப்படி, எள்ளளவும் வழுவாமல் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று எங்கள் சங்கத்தின் செயலாளர் வருவோரிடமெல்லாம் சொல்லிவருகிறார். சென்ற மாதம் கல்வெட்டைக் காண வந்த கல்லூரி மாணவியர் சிலர் அதைக் கேட்டு வியந்து, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போனார்கள். நாவில் உலவும் பொய்யை நான் பொருட்படுத்துவதில்லை. ஏட்டில் ஏறிய பொய் அப்படிப்பட்டதன்று; அதற்கு எதிராக இன்னோர் ஏடு இருந்தாக வேண்டும். அந்தப் பொய்யின் வேரில் என் கையும் இருந்ததால், எழுதும் கடமை எனக்கே உரியதாகிறது.

நான் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியன். பிள்ளைகள் வெளியூரில் இருப்பதால், நானும் என் மனைவியும் மட்டும் ஏரிப் பக்கத்துச் சாலையில் உள்ள அடுக்ககம் ஒன்றின் இரண்டாம் மாடியில் வாழ்கிறோம். மொத்தம் பன்னிரண்டு வீடுகள். பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்வரை அங்கே நெல் விளைந்தது. நிலத்துக்கு உரியவர், அதற்கு ஈடாகத் தரைத்தளத்தில் இரண்டு வீடுகளைப் பெற்றுக்கொண்டார். இன்றும் அவர் விடியுமுன் எழுந்து, மடை பார்க்கும் பழக்கத்தை விடமுடியாமல் கழிவுநீர்க் குழாய்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறார். செயலாளர் நெல் மண்டி நடத்துபவர். எங்கள் எதிர்வீட்டு அம்மையார் காஞ்சிபுரத்துப் பட்டு நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். இந்த மூவரைத் தவிர, மற்றக் குடியிருப்போர் இந்த வரலாற்றில் கைதட்டுவதற்கு மட்டுமே வருகிறார்கள்.

என் மனைவிக்கு இரண்டாண்டுகளாகச் செவி மந்தம். ஒலி கேட்கிறது, சொல் பிரிவதில்லை. காஞ்சிபுரத்து மருத்துவர் செவித்துணைக் கருவி ஒன்றைப் பொருத்திவிட்டார். நேரே நின்று பேசுவோர் பேச்சு அவளுக்கு விளங்கும். தொலைக்காட்சியின் பேச்சு விளங்காது. அதில் வியப்பில்லை. இக்காலத் தொலைக்காட்சியைப் பலகைபோல் மெலிதாக்கிய அறிவாளிகள், அதன் வாயை முதுகில் வைத்துவிட்டார்கள். கேட்பவர் முன்னால் அமர்ந்திருக்க, அது சுவரைப் பார்த்துப் பேசுகிறது. நல்ல செவியுடைய நானே பாதியை ஊகித்துத்தான் செய்தி கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், அடுக்ககத்துப் பெண்கள் தரைத்தளத்துப் பொதுக்கூடத்தில் கூடிப் படம் பார்ப்பது வழக்கம். கட்டடம் கட்டியவர் விட்டுச்சென்ற பெரிய தொலைக்காட்சி அங்கே உண்டு. படத்தைவிடப் படத்தின்மேல் அவர்கள் நடத்தும் விசாரணையே பெரிது. என் மனைவி அந்த விசாரணையில் தலைமை வகித்தவள். சிறிது சிறிதாக அவள் போவதைக் குறைத்தாள். கேட்டால் “கால் நோவுது” என்பாள். கோயிலுக்கும் சந்தைக்கும் நோகாத கால், கூடத்துக்கு இறங்கும் அந்த இரண்டு மாடிக்கு மட்டும் நொந்தது. சில வாரங்களில் அவள் அடியோடு நின்றுவிட்டாள். ஞாயிறு மாலைகளில் கீழிருந்து சிரிப்பொலி எழும்போது, அவள் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். அந்தச் சிரிப்பு மட்டும் அவளுக்குக் கேட்டது.

இந்த நிலையில்தான், கூடத்துக்கு ‘ஹோம் தியேட்டர்’ வாங்குவதென்று சங்கம் முடிவு செய்தது. இதற்கு உயிர்நிலை ரிசீவர் எனப்படும் பெட்டி. தொலைக்காட்சியிலிருந்து ஒலியை வாங்கி, பெருக்கி, சுற்றிலும் வைத்த ஒலிபெருக்கிகளுக்குப் பகிர்ந்தளிப்பது அதுவே. அதற்குத் தூய தமிழ்ச்சொல் ஒன்றை ஆக்கி வைத்திருக்கிறேன். ஆனால் அந்தச் சொல்லைக் கடையில் சொன்னால் பெட்டி கிடைக்காது. ஆகவே ரிசீவர் என்றே எழுதுகிறேன்.

மூன்று நாள் நூலகத்திலும் கைப்பேசியிலும் படித்ததில் ஒன்று தெளிந்தது. படங்களில் மாந்தர் பேச்சு பெரும்பாலும் நடு ஒலிபெருக்கி ஒன்றின் வழியே வருகிறது. அந்த நடுப்பெட்டியின் ஒலியை மட்டும் தனியே உயர்த்தக்கூடிய ரிசீவர் இருந்தால், வெடிச்சத்தத்தைக் கூட்டாமல் பேச்சைக் கூட்டலாம். என் மனைவிக்கு வேண்டியது இவ்வளவே. குறைந்த விலை ரிசீவர்களிலும் அந்த வசதி உண்டு. இதைச் சொல்ல ஒரு வரி போதும். ஆனால் அந்த வரி எந்த விளம்பரத்திலும் இல்லை.

அவளையும் அழைத்துக்கொண்டு பேருந்தேறிக் காஞ்சிபுரத்துக் கடை ஒன்றுக்குச் சென்றேன். குளிரூட்டிய இருட்டறையில் எங்களை உட்காரவைத்து, விற்பனையாளர் ஒரு காட்சியை ஓட்டினார். வானூர்தி ஒன்று கட்டடத்தில் மோதியது. அடுத்து மகிழுந்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. பின்னர் ஏதோ ஒரு கோள் வெடித்தது. மனிதக் குரல் ஒன்றும் வரவில்லை.

“எப்டி சார்? நெஞ்சுல வந்து அடிக்கிதா?” என்றார்.

“அடிக்கிறது. யாரேனும் இருவர் பேசிக்கொள்ளும் காட்சி ஒன்றை ஓட்டுங்கள்.”

“பேசறதா?”

“ஆம். வீட்டுக்குள் உட்கார்ந்து, அமைதியாக.”

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். “சார், பேசறத கேக்கறதுக்கு யாருனா ரிசீவர் வாங்குவாங்களா? அதுக்கு ரேடியோ கீதே.”

ஒலியை விற்போருக்குச் சொல்லின்மேல் இத்தனை இகழ்ச்சி ஏன் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். வெடிச்சத்தத்தைக் கேட்பவர், தாம் கொடுத்த விலைக்கு ஏதோ நடந்துவிட்டதாக நம்புகிறார். பேச்சு தெளிவாகக் கேட்டால் எதுவும் நடந்ததாக யாருக்கும் தோன்றுவதில்லை. அது இயல்பு என்று விட்டுவிடுகிறோம். இயல்பானதை யாரால் விற்க முடியும்?

ஒருவாறு அவர் ஒரு குடும்பத் தொடரை ஓட்டச் சம்மதித்தார். முதலில் தொலைக்காட்சியின் ஒலி மட்டும். “என்ன சொன்னாள்?” என்று மனைவியைக் கேட்டேன்.

“மாமியாரு... ஏதோ சாதம்னு சொல்றா. இல்ல, சாபமா?”

பிறகு, நான் கேட்டுக்கொண்டபடி, ஒரு சிறிய ரிசீவரில் நடுப்பெட்டியை இணைத்து, அதன் ஒலியை மட்டும் நான்கு படி ஏற்றி, அதே காட்சியை மீண்டும் ஓட்டினார். என் மனைவி தலையைச் சற்றுச் சாய்த்தாள். முகம் மாறியது.

“சாவி. மாமியாரு சாவிய எடுத்து அரிசிப் பானைல ஒளிச்சி வெச்சிகினு, மருமவள தேடச் சொல்றா. எம்மாம் நெஞ்சழுத்தம் பாரு அவளுக்கு.”

விற்பனையாளர் சிரித்துவிட்டார். அன்று அவர் செய்த ஒரே நல்ல செயல் அது.

“இதையே நம் வீட்டுக்கு வாங்கிவிடலாமா?” என்று கேட்டேன். அவள் உடனே தலையசைத்து மறுத்தாள்.

“வூட்ல வெச்சி நானும் நீங்களும் மூஞ்சிய மூஞ்சிய பாத்துக்கினு இருக்கறதா? கீழ வாங்கறாங்க இல்ல, அதுல இத வாங்கச் சொல்லுங்க. நான் அங்க போய் எல்லார்கூடயும் பாப்பன்.”

அவள் விரும்பியது பெட்டியையன்று. அந்த விசாரணையில் தன் பழைய இருக்கையை. இதைத் தெளிவாகச் சொன்னாள், தெளிவாகவே எனக்குக் கேட்டது. அந்தச் சிறு ரிசீவரின் பெயரைக் குறித்துக்கொண்டு ஊர் திரும்பினேன்.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும். அடுக்ககம் கட்டி முடிந்த புதிதில், யார் வண்டியை எங்கே நிறுத்துவது என்று பூசல் எழுந்தது. அன்றைய கூட்டத்தில் நான் எழுந்து, நம் ஊர்க் கல்வெட்டு கூறும் குடவோலை முறையைப் பற்றி நாற்பது நிமிடம் உரையாற்றினேன். உரையின் முதற்பாதி முழுவதும் தகுதிகளைப் பற்றியது. இன்ன வயதுக்குக் குறைந்தவர் ஆகார், மிகுந்தவர் ஆகார், சொந்த மனையில் வீடு இல்லாதவர் ஆகார், இன்ன குற்றம் செய்தவர் ஆகார் என்று அந்தக் கல் விலக்கிக்கொண்டே போகிறது. விலக்கி முடித்த பிறகுதான் எஞ்சியவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுகிறார்கள். அந்த முதற்பாதியில் அவையோர் கைப்பேசியில் ஆழ்ந்திருந்தார்கள். குடம் என்ற சொல் வந்தபோதுதான் விழித்தார்கள். அன்றே ஒரு பச்சை நிறப் பிளாஸ்டிக் குடம் வந்தது. அதன்பின் தொட்டி கழுவும் முறை, வாயிற்கதவின் நிறம், பொங்கல் விழாவின் சிறப்பு விருந்தினர் என்று யாவும் அந்தக் குடத்திலிருந்தே பிறந்தன. சிந்திக்கச் சோம்பியவர்களுக்கு நான் ஒரு கருவியைக் கையளித்திருந்தேன். அதற்கு ஆயிரம் ஆண்டுப் பெருமையும் பூசிக் கொடுத்திருந்தேன்.

ரிசீவருக்கான கூட்டத்தில் மூன்று பெட்டிகள் முன்மொழியப்பட்டன. முதலாவது செயலாளருடையது. அவர் மைத்துனரின் நண்பர் சென்னையில் உதிரிப் பாகங்களைச் சேர்த்துக் கட்டித் தருவது. அவர் காட்டிய படத்தில், நெற்றியில் நீல விளக்கு, மைக் செருகத் துளை, பெட்டியின்மேல் பன்னிரண்டாயிரம் வாட் என்ற எழுத்து. எங்கள் தெருமுனை அரவை ஆலை முழுவதும் ஓடினாலும் அவ்வளவு மின்சாரம் உண்ணாது. அந்தப் பெட்டியின் மின்கம்பியோ, கைப்பேசிக்கு மின்னேற்றும் கம்பியின் பருமனில் இருந்தது. இரண்டாவது, ஒலிபெருக்கிகளும் ரிசீவரும் ஒரே அட்டைப்பெட்டிக்குள் அடங்கிய தொகுப்பு. அதில் நடுப்பெட்டியைத் தனியே உயர்த்த வழியில்லை. மூன்றாவது நான் குறித்துவந்தது.

நான் எழுந்து, கல்வெட்டின் வழியிலேயே, பெட்டிகளுக்கான தகுதிகளை எழுதிவந்து படித்தேன். பேச்சொலியைத் தனியே உயர்த்த இயலாதது ஆகாது. தன் ஆற்றலைப் பற்றிப் பொய் எழுதியது ஆகாது. சுவர் ஒற்றைச் செங்கல் அகலமே இருக்கும் கட்டடத்தில், அதிர்வை அடக்க முடியாதது ஆகாது. படிக்கும்போது என் குரல் எனக்கே இனிமையாக இருந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

நிலத்துக்காரர்தான் முதலில் வாய் திறந்தார். “ஐயா சொல்ற பெட்டி நல்ல பெட்டிதான். யாரு இல்லன்றது? ஆனா அதுல மைக்கு சொருவ முடியாதாமே.”

“படம் பார்ப்பதற்கு மைக் எதற்கு?”

“ஆடி மாசம் கூழு ஊத்தறப்ப அறிவிப்பு குடுக்க வாணாவா? அப்பறம் சத்தம். நாக்காலி ஆடணும் ஐயா. நாக்காலி ஆடலன்னா அது இன்னா தேட்டரு?”

“பேச்சு புரிய வேண்டாமா?”

“சண்டப் படத்துல இன்னா ஐயா பேச்சு? அடிக்கிறான், வாங்கறான்.”

கூட்டம் சிரித்தது. செயலாளர் கையை உயர்த்தி அமைதி கேட்டார். மண்டியில் இரு தரப்பையும் அமர்த்திப் பழகிய கை அது. “ஐயா எழுதினு வந்தது ரொம்ப கரெக்டு. ஆனா தகுதின்னு சொல்லி ஒருத்தர் கொண்டாந்த பெட்டிய நீக்கினா, அவரு மனசு நோவாதா? ஒரே கட்டடத்துல இருக்கறோம். மூணையும் எழுதிப் போட்டுடுவோம். குடம் பாத்துக்கும்.”

கைதட்டினார்கள். கல்வெட்டில் உள்ளதில் பாதியைத் தூக்கி எறிந்துவிட்டு, மீதிப் பாதிக்குக் கைதட்டினார்கள். தகுதியற்றதை விலக்கும் துணிவு இல்லாதவர்களே நேர்மை என்ற சொல்லை மிகுதியாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது என் நெடுநாள் கருத்து. அன்று அது உறுதிப்பட்டது.

ஏதும் அறியாத சிறு பிள்ளையைக் கொண்டு ஓலை எடுக்கச் செய்வது கல்வெட்டின் விதி. பிள்ளைகள் அனைவரும் தனிப்பயிற்சிக்குப் போயிருந்தார்கள். செயலாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். கூடத்தின் ஓரத்தில் எதிர்வீட்டு அம்மையாருக்கு அருகில் என் மனைவி அமர்ந்திருந்தாள். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் அவள் கீழே இறங்கி வந்திருந்தாள்.

“அக்காவ எடுக்கச் சொல்லலாம்” என்றார் செயலாளர். “அவங்களுக்குதான் ஒண்ணும் காதுல வியலியே. இத்தவிட விவரம் தெரியாத கொயந்த எங்க கிடைக்கும்?”

அவர் தீயவர் அல்லர். நகைச்சுவை என்று நம்பியே சொன்னார். அவை குலுங்கிச் சிரித்தது. அவர்கள் சிரிப்பதைக் கண்டு அவள், ஏனென்று அறியாமல், தானும் புன்னகைத்தாள். எதிர்வீட்டு அம்மையார் மட்டும் சிரிக்காமல் அவள் முழங்கையைத் தொட்டுக் குடத்தைக் காட்டினார். அவள் எழுந்துபோய், புடைவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஏதோ சடங்கில் பங்கேற்பவளைப்போல் ஒழுங்காகக் கைவிட்டு ஒரு சீட்டை எடுத்தாள்.

இலக்கணப் பிழைக்கும் பாடபேதத்துக்கும் மேடையேறிப் போர் புரிந்தவன், அந்த ஒரு நொடியில் வாய்மூடி இருந்தேன். மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு, நம் சீட்டே வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று கணித்துக்கொண்டிருந்தேன். நானும் குடத்தை நம்பினேன் என்பதே அதன் பொருள்.

செயலாளர் சீட்டைப் பிரித்துப் படித்தார். அவருடைய பெட்டியே. மனைவி என் முகத்தைப் பார்த்தாள். திரும்பிவந்து அமர்ந்தபின், மெல்லப் பேசுவதாக எண்ணிக்கொண்டு, அவைக்கே கேட்கும்படி கேட்டாள்: “நம்முது வரலியா?”

அடுத்த வாரம் பெட்டி வந்தது. அதைப் பொருத்தும் பொறுப்பைத் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டும் மைக்செட்காரரிடம் ஒப்படைத்தார்கள். தொழிலில் அவர் தேர்ந்தவர்தான். ஆனால் அவர் தொழிலில் ஒலி தெருவுக்குப் போக வேண்டும். ஆகவே அதனுடன் வந்த ஐந்து ஒலிபெருக்கிகளில் இரண்டைச் சன்னலில் வைத்து, வாயை வெளியே திருப்பிக் கட்டிவிட்டுப் போனார். நடுப்பெட்டி தமக்குத் தேவையில்லாத உறுப்பு என்று கருதியோ என்னவோ, அதைப் பரணில் ஏற்றிவிட்டார்.

முதல் ஞாயிறு அவள் போனாள். நானும் போனேன், வழக்கமாகப் போகாதவன். படம் தொடங்கியதும் நாற்காலிகள் ஆடின. நிலத்துக்காரர் பெருமிதத்துடன் தம் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். குழல்விளக்கு நடுங்கியது. சுவரிலிருந்த பல்லி ஒன்று பிடி தவறி ஓர் அம்மையார் தோளில் விழ, அதன் பலனைப் பார்க்க இருவர் நாட்காட்டியைத் தேடிப் போனார்கள். கதைத்தலைவி அழுதுகொண்டே ஏதோ சொன்னாள். நீல விளக்கு அவள் சொல்லுக்கேற்ப மின்னியது, சொல் வரவில்லை.

நான் திரையைப் பார்க்கவில்லை. என் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் சிரிக்கும்போது அவள் அவர்கள் முகங்களைப் பார்த்து, ஒரு கணம் பிந்திச் சிரித்தாள். அவர்கள் உச்சுக்கொட்டும்போது ஒரு கணம் பிந்தி உச்சுக்கொட்டினாள். இரண்டரை மணி நேரம், ஒரு முறைகூடத் தவறாமல், அந்த ஒரு கணத்தைத் துரத்திக்கொண்டிருந்தாள். பாடம் நடத்திய காலத்தில், விளங்காமலே தலையசைக்கும் மாணவரை நான் கடிந்திருக்கிறேன். அந்தத் தலையசைப்பில் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்பதை அன்றுதான் கண்டேன்.

படி ஏறும்போது முதல் மாடித் திருப்பத்தில் நின்று கேட்டாள்: “ஏங்க, அந்தப் பொண்ணு கடசீல யார கட்டிக்கினா?”

எனக்குத் தெரியவில்லை. கவனிக்கவில்லை என்பது பாதிக் காரணம். கவனித்திருந்தாலும் கேட்டிருக்காது என்பது மறுபாதி. “தெரியவில்லை” என்றேன்.

“உங்களுக்குமா?” என்றாள். அவள் முகத்தில் முதலில் ஐயம், பிறகு ஏதோ ஓர் ஆறுதல். “அப்ப எனக்கு மட்டும் இல்ல.”

மறுநாள் காலை முதல் பேருந்தில் காஞ்சிபுரம் போனேன். அதே விற்பனையாளர். “பேச்சு சார் வந்துட்டாரு” என்று உள்ளே குரல் கொடுத்தார். சிறு ரிசீவர், முன்னே வைக்க இரண்டு ஒலிபெருக்கிகள், ஒரு நடுப்பெட்டி ஆகியவற்றை மட்டும் கேட்டேன்.

“சப்வூஃபர் இல்லாமயா? அது இல்லன்னா அதிர்வே இருக்காதே சார்.”

“அதிர்வு வேண்டாம். எனக்குக் கீழ்வீடு இருக்கிறது.”

“கீய்வூட்டுக்காரங்க இன்னா, உங்களுக்கு வாடக குடுக்கறாங்களா? நீங்க கேளுங்க சார்.”

அடுக்ககத்தில் வாழ்வதைப் பற்றிய இந்நாட்டுப் பொதுக்கருத்து முழுவதும் அந்த விடையில் அடங்கியிருக்கிறது. என் தொலைக்காட்சியின் முதுகுப்புறத்தைப் படம் பிடித்துக் கொண்டுபோயிருந்தேன். ரிசீவருக்கு ஒலியைத் திருப்பி அனுப்பும் ‘ஏ.ஆர்.சி.’ துளை அதில் இருப்பதைக் காட்டி, அதற்குரிய கம்பியையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். குறைந்த விலையில் வாங்குவோர் பலர் இந்தத் துளையைப் பார்க்காமல் வாங்கிவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள்.

பொருத்தும் வேலையை நானே செய்தேன். ரிசீவரின் கட்டளைப் பட்டியல் பன்னிரண்டு மொழிகளில் இருந்தது. ஆயிரம் பேர்கூடப் பேசாத தீவு மொழிக்கும் இடம் உண்டோ என்று ஐயுறும் அளவுக்கு நீண்ட அந்த வரிசையில், தமிழ் இல்லை. அறையின் அளவைத் தானே அறிந்துகொள்வதற்காக அதனுடன் ஒரு சிறிய மைக் தந்திருந்தார்கள். அதை நாற்காலியில் வைத்து, பெட்டிகள் எழுப்பும் ஒலியை அது கேட்டு முடிக்கும்வரை வீடு அமைதியாக இருக்க வேண்டுமாம். இந்த அடுக்ககத்தில் அமைதி. முதல் முறை தண்ணீர் மோட்டார் ஓடியது. இரண்டாம் முறை எதிர்வீட்டு அம்மையாரின் குக்கர் சத்தமிட்டது. மூன்றாம் முறை, கழிவுநீர்க் குழாயைத் தட்டிப் பார்த்தார் நிலத்துக்காரர். மைக்கை உறையில் போட்டுவிட்டு, மனைவியை நாற்காலியில் உட்காரவைத்தேன்.

அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. செய்தி வாசிப்பவரை ஓடவிட்டு, நடுப்பெட்டியை ஒவ்வொரு படியாக உயர்த்தினேன். ஒவ்வொரு படிக்கும் அவள் கேட்டதைத் திருப்பிச் சொன்னாள். மூன்றாம் படியில் ஏரிகளின் பெயர்கள் பிரிந்தன. நான்காம் படியில் அவற்றின் நீர்மட்ட அளவுகள் பிரிந்தன. ஐந்தாம் படியில் “அய்யே, கத்துறான்” என்றாள். நான்குக்கு இறக்கினேன். பெருஞ்சத்தத்தைத் தாழ்த்திச் சிறுசத்தத்தை உயர்த்தும் ‘இரவு முறை’ என்று ஒன்று அதில் உண்டு. அதைப் பகலிலும் இயங்கும்படி வைத்துவிட்டேன்.

எல்லாம் நிறைவேறியது. பேச்சு ஒவ்வொரு சொல்லாக வந்தது. அவள் இரண்டு நாள் பார்த்தாள். ஞாயிறு வந்தது. கீழே நாற்காலிகள் இழுபடும் ஓசை கேட்டதும் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, கீரைக் கட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“ஏன், படம் பார்க்கவில்லையா?”

“தனியா இன்னா படம்?”

கடையிலேயே இதை அவள் எனக்குச் சொல்லியிருந்தாள். தகுதிப் பட்டியல் எழுதியவன் அதை ஒரு தகுதியாகக் கொள்ளவில்லை.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். பதினோராண்டுகளில் அந்த வீட்டாரிடம் நான் எதையும் கேட்டதில்லை. அம்மையார் கீழே இறங்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். செவிகளில் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, பஞ்சு?”

“கீழ போவணுமே ஐயா. போன வாரம் வந்து படுத்தன், ராவெல்லாம் காதுல வண்டு. பேஜாரு. போவலன்னா தப்பா நெனப்பாங்கன்னு போறன்.”

“எங்கள் வீட்டில் பார்க்கலாம். பேச்சு கேட்கும். அவள் தனியாக இருக்கிறாள்.”

அவர் பஞ்சை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். “அக்கா வூட்டுக்கு வர அழைப்பு வேற வேணுமா” என்றார். ஆனால் அழைப்புக்குத்தான் காத்திருந்திருக்கிறார். நான் வீட்டிலிருக்கும்போது யாரும் எங்கள் வாசலை மிதிப்பதில்லை என்பதை, அன்று அவர் என் மனைவியிடம் சொன்னபோதே அறிந்தேன். “ஐயா இருந்தா பேசறதுக்கே பயம். ழகரத்த புடிச்சிப்பாரு.”

அன்று இருவர் பார்த்தார்கள். அடுத்த ஞாயிறு நால்வர். இப்போது ஞாயிறு பிற்பகலில் எங்கள் வாசலில் ஒன்பது இணைச் செருப்புகள் கிடக்கின்றன. என் நாற்காலி பறிபோய்விட்டது. படுக்கையறையில் அமர்ந்து படிக்கிறேன். சுவரின் தரத்தால், அந்த மட்டமான படங்களின் ஒவ்வொரு வசனமும் தெள்ளத்தெளிவாக என்னை வந்தடைகிறது. இத்தகைய வசனங்களைத் தெளிவாகக் கேட்க நேர்வது ஒரு தண்டனை என்பதை ரிசீவர் வாங்க எண்ணுவோர் நினைவில் கொள்ள வேண்டும். சென்ற வாரம் யாரோ ஒரு நகைச்சுவை நடிகர் ஏதோ சொல்ல, அறையில் எல்லாருக்கும் முன்னதாக ஒரு சிரிப்பு எழுந்தது. அது என் மனைவியுடையது. “இன்னாக்கா சொன்னான், இன்னா சொன்னான்?” என்று மற்றவர்கள் அவளைக் கேட்டார்கள். புத்தகத்தை மடித்துவைத்துவிட்டு, அவள் சொல்வதை நானும் கேட்டேன்.

பொதுக்கூடத்துப் பெட்டி வீணாகவில்லை. ஆடியில் கூழ் ஊற்றியபோது அதை வாயிலுக்குக் கொண்டுவந்தார்கள். மைக் செருகினார்கள். நிலத்துக்காரர் அறிவிப்புக் கொடுத்தார். ஏரிக்கு அப்பால் வரை கேட்டதாம். அது எந்தப் பணிக்குப் பிறந்ததோ அந்தப் பணியை அடைந்துவிட்டது. செயலாளர் அதைக் குடவோலையின் வெற்றி என்கிறார்.

இந்தக் குறிப்பில் கல்வெட்டின் விதிகளை நினைவிலிருந்தே எழுதியிருக்கிறேன். ஒலிக்கருவிகளைப் பற்றிய என் அறிவோ, சில நாள் படிப்பும் ஒரு கடைக்காரரின் இகழ்ச்சியும் தந்தது. இரண்டிலும் பிழை கண்டால் கற்றவர்கள் தயங்காமல் எழுதித் திருத்த வேண்டுகிறேன். அடுத்த கைப்படியில் திருத்தத்தைச் சேர்த்துவிடுவேன். முதல் திருத்தம் இப்போதே வந்துவிட்டது. கைப்படியை என் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். முழுவதும் படித்துவிட்டு, குடத்திலிருந்து சீட்டெடுத்த இடத்துக்குத் திரும்பி வந்து, ‘ஏனென்று அறியாமல்’ என்ற சொற்களின்மேல் விரலை வைத்தாள்.

“இத அடிச்சிடுங்க. அன்னிக்கி இன்னாத்துக்கு சிரிச்சாங்கன்னு எனக்குத் தெரியும்.”

அச்சொற்களை நான் அடிக்கவில்லை. பிழையும் திருத்தமும் இரண்டும் ஏட்டில் இருக்கட்டும்.